வலி எங்கே பிறக்கிறது?

ஒலுவில் கடற்கரையிலே கரைவலை இழுப்போருக்கும், வயலிலே நாள் முழுவதும் குனிந்து நின்று வேலை செய்வோருக்கும் நாரி நோவு புதிய செய்தியன்று. சில நாள் ஓய்ந்திருந்து, எண்ணெய் பூசி, ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் அது நீங்கிவிடுகிறது. சிலருக்கோ மாதங்கள் பல சென்றும் நீங்குவதில்லை. வைத்தியர் எக்ஸ்றே எடுத்துப் பார்த்து, "எலும்பிலே பெரிய குறை எதுவும் இல்லை" என்கிறார். அன்று முதல் வீட்டிலே வேறொரு துன்பம் தொடங்குகிறது. "ஒன்றும் இல்லையாம், வேலைக்குப் போகாமலிருக்கச் சாட்டுச் சொல்கிறார்" என்று சுற்றத்தார் முணுமுணுக்கின்றனர். தம் வேதனையை நம்புவார் எவருமில்லையே என்று நோயாளி மனம் நொந்து போகிறார்.

வைத்தியர் சொன்னது உண்மை. நோயாளி சொல்வதும் உண்மையே. இரண்டும் எவ்வாறு பொருந்தும் என்பதைப் பார்ப்போம்.

காயத்திலே வலி இருக்கிறது, நரம்பு அதனைத் தந்திக் கம்பியைப் போல் மூளைக்குக் கொண்டுசெல்கிறது என்றே நம்மிற் பலரும் எண்ணியிருக்கிறோம். நரம்பு கொண்டுசெல்வது வலியையன்று. "இங்கே ஆபத்து இருக்கலாம்" என்னும் செய்தியை மட்டுமே. அச்செய்தியையும், கண் கண்டதையும், முன் அனுபவத்தையும், மனத்தின் அச்சத்தையும் ஒருங்கே சீர்தூக்கி, வலியை உண்டாக்குவது மூளையேயாகும்.

1995ஆம் ஆண்டிலே பிரித்தானிய வைத்திய சஞ்சிகை ஒன்றில் வெளியான செய்தி இது. கட்டடத் தொழிலாளி ஒருவர் உயரத்திலிருந்து குதித்தபோது, 15 சென்ரிமீற்றர் நீளமான ஆணியொன்று அவரது சப்பாத்தைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி சற்று அசைந்தாலும் அவர் துடித்தார். மயக்க மருந்து கொடுத்து ஆணியைப் பிடுங்கிச் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தால், ஆணி இரு விரல்களுக்கு இடையே சென்றிருந்தது. காலிலே ஒரு கீறலும் இல்லை! அவர் நடிக்கவில்லை. கண் கண்டதை மூளை நம்பியது, வலி பிறந்தது.

இதற்கு மாறானதும் உண்டு. இரண்டாம் உலகப் போரிலே கடுமையாகக் காயமுற்ற வீரர்களுட் பெரும்பான்மையோர் வலி நீக்கும் மருந்து வேண்டாம் என்றதை ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க வைத்தியர் 1946ஆம் ஆண்டில் எழுதினார். போர்க்களத்தினின்று உயிரோடு வீடு திரும்பலாம் என்னும் நிம்மதியே அவர்களுக்கு மருந்தாயிற்று என்பது அவர் கருத்து.

1965ஆம் ஆண்டில் மெல்சாக், வால் என்னும் இரு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். வயலுக்கு நீர் பாயும் வாய்க்காலிலே மதகு இருப்பதுபோல, முதுகுத் தண்டிலே ஆபத்துச் செய்திகளுக்கு ஒரு வாயில் உண்டு. மூளை அதனைத் திறக்கவும் மூடவும் வல்லது என்றனர். அவர்கள் கூறிய நுணுக்கங்களிற் சில பின்னர் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்து நிற்கின்றது.

2009ஆம் ஆண்டில் ஓய்ந்த போரினால் கை கால் இழந்தோர் நம் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பலர். இல்லாத காலின் பாதம் எரிகிறது, இல்லாத கையின் விரல்கள் இறுகுகின்றன என்று அத்தகையோர் சொல்வதுண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலே பயின்று, அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரன் என்னும் தமிழர், 1990களில் இதற்கு எளிய வழியொன்றைச் சோதித்தார். ஒரு பெட்டியின் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, நோயாளியின் நல்ல கையை ஒரு பக்கத்திலே வைக்கச் செய்தார். கண்ணாடியிலே தெரிந்த பிம்பம், இழந்த கை மீண்டும் வந்ததுபோல் தோன்றிற்று. நல்ல கையை விரித்ததும், இல்லாத கையின் இறுக்கமும் தளர்ந்ததாகச் சிலர் கூறினர். எல்லோருக்கும் இது பயன்படவில்லை. எனினும், கை இல்லாமலே கைவலியை மூளை உண்டாக்க முடியும் என்பதையும், அதே மூளைக்குப் புதிய பாடம் புகட்டலாம் என்பதையும் இது காட்டிற்று.

நீண்டகால நாரி நோவும் இதனோடு உறவுடையதே. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை வைத்தியர்கள் நாட்பட்ட வலி என்பர். காயம் ஆறிய பின்னரும் மூளையும் நரம்புகளும் காவலைத் தளர்த்தாது, சிறிய அசைவையும் பேராபத்தாக எண்ணிக் கூக்குரலிடுகின்றன. அச்சம் அதற்கு எண்ணெய் வார்க்கிறது. குனிந்தால் முள்ளந்தண்டு நழுவிவிடும் என்று அஞ்சுபவர் பிள்ளையைத் தூக்கவும் தயங்குகிறார். அசைவு குறையக் குறைய உடல் தளர்கிறது, வலியும் வளர்கிறது.

ஸ்கான் அறிக்கையிலே "தேய்வு" என்னும் சொல்லைக் கண்டு கலங்குவோருக்கு ஒரு செய்தி. நாரி நோவே இல்லாத 3110 பேரின் படங்களை ஆராய்ந்த முடிவுகள் 2015ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டன. முள்ளந்தண்டு வட்டுகளிலே தேய்வு 20 வயதினருள் 37 சதவீதத்தினருக்கும், 80 வயதினருள் 96 சதவீதத்தினருக்கும் காணப்பட்டது. தலைமயிர் நரைப்பதுபோல் வட்டும் தேய்கிறது. தேய்வு யாவும் வலியாவதில்லை.

மூளை கற்றதை மறக்கவும் முடியுமா? அமெரிக்காவின் கொலராடோவிலே நாட்பட்ட நாரி நோவுடைய 151 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2022ஆம் ஆண்டிலே அச்சாயிற்று. ஒரு பிரிவினருக்கு, வலி என்பது ஆபத்தன்று, மூளையின் தவறான எச்சரிக்கையே என்பதை நான்கு வாரங்கள் எடுத்துரைத்து, அஞ்சிய அசைவுகளை அச்சமின்றிச் செய்யப் பழக்கினர். அப்பிரிவில் 66 சதவீதத்தினர் வலி நீங்கியோ பெரிதும் நீங்கியோ விட்டனர். வழக்கமான சிகிச்சையில் இருந்தோருள் 10 சதவீதத்தினரே அந்நிலையை எய்தினர். இது ஒரே ஓர் ஆராய்ச்சி; எல்லா வலிக்கும் இது பொருந்தாது. ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு.

ஆகவே முதலில் வைத்தியரை நாடுதல் வேண்டும். காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கால் மரத்துப் பலவீனமாதல், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. ஆபத்தான காரணம் இல்லை என்று வைத்தியர் உறுதி கூறியபின், நடை தொடங்கலாம். இன்று வளவைச் சுற்றி, சில நாளில் தெருமுனை வரை, பின்னர் கடற்கரை வரை என்று சிறிது சிறிதாகக் கூட்டுக. நல்ல உறக்கமும் கவலையைப் பகிர்ந்துகொள்ளலும் மருந்தைப் போலவே உதவும்.

வீட்டிலுள்ளோரும் ஒன்று செய்யலாம். "வாப்பா சாட்டுச் சொல்கிறார்" என்று ஏளனம் செய்யாதீர்கள். "உம்மா அசையவே கூடாது" என்று கட்டிலோடு கட்டியும் வைக்காதீர்கள். "வலி உண்மை என்று நம்புகிறோம், மெல்ல நடப்போம், வாருங்கள்" என்று கைகொடுத்து உடன் நடவுங்கள்.