பியட்டுக்கு மறுபடியும் ஆர்.சி.

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன், மானாம்பதி)



இத்தாலி நாட்டுக் கார் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு பெராரி ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு லம்போர்கினி. எனக்கு மட்டும் எங்கள் மானாம்பதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் 1970-ஆம் வருடத்து பியட் 1100 தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். அதுவும் இத்தாலிக்காரன் பெற்ற பிள்ளைதான்.

இந்தக் காரை ரிப்பேர் செய்து, கொஞ்சம் மேம்படுத்தி, மறுபடியும் பதிவைப் புதுப்பித்த கதையை இங்கே எழுதுகிறேன். பழைய வண்டி வீட்டில் வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும். கூடவே எங்கள் குடும்பம் எப்படி ஒரு தப்பிலிருந்து தப்பியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் காரின் ஜாதகம்

இத்தாலியின் டூரின் நகரத்தில் பியட் கம்பெனி 1899-ல் தொடங்கியது. அங்கே டான்டே ஜியாகோசா என்ற பெரிய என்ஜினியர் இருந்தார். அவர் காலத்தில் 1953-ல் வெளிவந்த மாடல்தான் 1100-103. அதே வருடம் அதற்கு 'டூரிஸ்மோ வெலோசே' என்ற வேகமான தம்பியும் பிறந்தான். அந்த ரகக் கார்கள் 'மில்லே மிக்லியா' என்ற புகழ்பெற்ற ரோடு பந்தயத்திலேயே ஓடியிருக்கின்றன.

நம் நாட்டில் வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி பம்பாய் குர்லாவில் இதைத் தயாரித்தது. 1964-லிருந்து வந்தது 1100 டிலைட். அதுவே 1974-லிருந்து பிரீமியர் பத்மினி. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றாலே பத்மினிதான். அங்கே கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 20 வருடம் முடிந்து 2023 அக்டோபரில் ரோட்டை விட்டு இறங்கியது.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வருவதற்கு முன்னால், சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில்தான் அவர்கள் பந்தயம் நடத்தினார்கள். வீட்டுக்கு ஓட்டி வந்த அதே பியட்டின் என்ஜினைத் தட்டிக் கொட்டி அங்கே பந்தயம் விட்டவர்கள் உண்டு. ஆகவே நம் பியட்டை 'ஸ்போர்ட்ஸ் கார்' என்று முழுசாகச் சொல்ல முடியாவிட்டாலும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்துக்கொள்ளலாம்!

பென்சில் சொன்ன உண்மை

என் அப்பா மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு சரி. பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் பிடித்தவர். எங்கள் பரம்பரையில் பத்தாம் வகுப்பைத் தாண்டி, டிப்ளமோ என்று வந்த முதல் ஆள் நான்தான். வாத்தியார் ஐயாவின் பியட்டை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பாதான் பார்த்துக்கொள்கிறார்.

அந்த வண்டியின் ஆர்.சி. இந்த வருடம், 2026-ல், முடிகிறது. நான்கு மாதம் முன்னாலேயே ஐயா எங்களைக் கூப்பிட்டு, "தம்பி, நீதான் ஆட்டோமொபைல் படிக்கிறியே, பேப்பரையெல்லாம் பாரு" என்று கவரை என் கையில் கொடுத்தார்.

ஆர்.சி.யில் சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர், கலர், எத்தனை சி.சி., என்ன எரிபொருள் எல்லாம் இருக்கும். இவை வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி, நம்பர் பதித்த இடத்தைத் துடைத்து, மேலே வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் வரும். உத்திரமேரூர் கல்வெட்டைப் படி எடுக்கிற மாதிரிதான். அங்கே கல்லில் சோழர் காலத்துத் தேர்தல் விதி. இங்கே இரும்பில் நம்பர்.

சேசிஸ் நம்பர் ஒத்துப்போனது. என்ஜின் நம்பர் ஒரு எழுத்துகூட ஒத்துப்போகவில்லை.

அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். 2022-ல் ரேடியேட்டர் ஒழுகி, என்ஜின் சூடேறி, ஒரு பிஸ்டன் பிடித்துக்கொண்டது. சிலிண்டர் சுவரில் ஆழமாகக் கோடு. ஏற்கெனவே போரிங் செய்து செய்து கடைசி ஓவர்சைஸ் பிஸ்டன் வரை போயாகிவிட்டது. அப்பா சென்னை புதுப்பேட்டைக்குப் போய், அதே மாடல் பழைய என்ஜின் ஒன்றை வாங்கி வந்து மாட்டிவிட்டார். வண்டி நன்றாகத்தான் ஓடியது. ரசீது வாங்கவில்லை. யாருக்கும் தெரிவிக்கவும் இல்லை.

"அதுல நம்பர் எழுதியிருக்குன்னு தெரியும்டா. அதைப் போய்ச் சொல்லணும்னு எனக்கு யார் சொன்னா?" என்றார் அப்பா.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி என்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். எங்களுக்கோ வருடக்கணக்கில் தாமதம். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

இந்த நேரத்தில் ஒரு புரோக்கர் வந்து சேர்ந்தார். "இதுக்கா கவலைப்படறீங்க? இருக்கிற நம்பரை கிரைண்டர்ல தேச்சுட்டு, ஆர்.சி.ல இருக்கிற நம்பரைப் பஞ்ச் பண்ணிடலாம். அரை மணி வேலை" என்றார். அப்பா முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. ஐயாவிடம் பெயர் கெடாமல் தப்பிக்கலாம் அல்லவா?

நண்பர்களே, திருட்டு வண்டிக்குச் செய்கிற வேலை அது. பிடிபட்டால் வண்டி மட்டும் போகாது, ஐயாவும் அப்பாவும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவை எதிர்த்துப் பேசினேன். அவர் பதில் பேசவில்லை. இரவு சாப்பிடவும் இல்லை.

காலையில் அவரே எழுப்பினார். "பழைய பிளாக் கொட்டாய் பின்னாலதான் கெடக்கு. எடைக்குப் போட மனசு வரல. பாக்கறியா?"

ரிப்பேர்: லைனர் என்னும் மறுபிறவி

துளசிச் செடித் தொட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்துக் கிடந்தது அந்த பிளாக். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தோம். ஆர்.சி.யில் இருந்த நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

வார்ப்பிரும்பு பிளாக்கில் வெடிப்பு இல்லை, சுவர் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது என்றால் அது செத்த பிளாக் அல்ல. சிலிண்டரைப் பெரிதாகக் குடைந்து, உள்ளே ஒரு இரும்புக் குழாயை இறுக்கமாக அழுத்தி இறக்க வேண்டும். இதுதான் லைனர் அடிப்பது. குழாயின் வெளி விட்டம் துளையைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மட்டும் கூடுதலாக இருக்கும். அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. பிறகு உள்பக்கத்தைப் பழைய அளவுக்கே போர் செய்து ஹோனிங் கொடுக்க வேண்டும்.

நம் வகுப்புக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். இந்த என்ஜினுக்கு போர் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ., சிலிண்டர் நான்கு. சூத்திரத்தில் போட்டால் 1089 சி.சி. வரும். ஓவர்சைஸில் 0.6 மி.மீ. கூட்டினாலே 1108-ஐத் தாண்டிவிடும். லைனர் அடித்ததால் எங்கள் என்ஜின் மறுபடியும் 1089-க்கே வந்தது. வண்டியும் ஆர்.சி.யும் ஒரே பேச்சு!

இன்னொரு விஷயம். இந்த என்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியாது. அதனால்தான் பியட் சூடேறினால் ஹெட் வளைந்து கேஸ்கட் போகிறது. ஹெட்டைச் சமதளமாக்கி, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக இறுக்கினோம். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். வியாதிக்குக் காரணம் அதுதானே?

மேம்பாடு: எது வரைக்கும்?

ஐயாவின் பேரனுக்குப் பெரிய திட்டங்கள் இருந்தன. மாருதி என்ஜின் போடலாம், அகல டயர் போடலாம், பெராரி மாதிரி சிவப்பு அடிக்கலாம் என்றான். ஆர்.சி.யில் கலர் கிரே. கலரை மாற்றினாலும் அலுவலகத்தில் பதிய வேண்டும். கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

ஆகவே நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். வெல்டிங் இல்லாமல் கழற்றி மாட்ட முடிகிற, ஆர்.சி. விவரத்தைத் தொடாத வேலைகள் மட்டும் செய்வது. அப்படிச் செய்தவை:

1. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர். மெதுவாகப் போகும்போதும் பேட்டரி சார்ஜ் ஏறும்.

2. ஹெட்லைட்டுக்கு ரிலே. பழைய சுவிட்ச் வழியாக மின்சாரம் முழுதும் போகாமல், வெளிச்சம் கூடியது.

3. பெட்ரோல் ரப்பர் குழாய்கள் எல்லாம் புதிது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரையும் பம்ப் டயாபிரத்தையும் அது அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் குழாய் கேட்டு வாங்குங்கள்.

4. நான்கு சக்கரமும் டிரம் பிரேக்தான். அதை அப்படியே வைத்து லைனிங், வீல் சிலிண்டர் கிட், ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றினோம்.

பதிவு: இரண்டு வழி

15 வருடம் ஆனால் கார் காயலான் கடைக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நம் மாநிலத்தில் சொந்த உபயோகக் கார் பரிசோதனையில் தேறினால் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். அதற்குப் படிவம் 25. ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி 20 வருடம் தாண்டிய காருக்குக் கட்டணம் 10,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கார் என்றால் 80,000! நம் பியட் குர்லாவில் பிறந்ததால் தப்பித்தது. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். இன்சூரன்ஸ், பசுமை வரி, புகைச் சான்றிதழ் தனி.

இரண்டாவது வழி 2021 ஜூலையில் வந்த 'வின்டேஜ்' விதி. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, என்ஜின் மாறாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, அதற்காகப் பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது இவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினசரி உபயோகம் கிடையாது.

இரண்டையும் ஐயாவிடம் விளக்கினேன். "எனக்கு உத்திரமேரூர் போய் மாத்திரை வாங்கணும், சனிக்கிழமை கோயிலுக்குப் போகணும். கண்காட்சியில நிறுத்தவா நான் வெச்சிருக்கேன்?" என்றார். சாதாரணப் புதுப்பித்தலே முடிவானது.

பரிசோதனை நாள்

புகைச் சோதனையில் முதலில் கார்பன் மோனாக்சைடு 4 சதவீதத்துக்கு மேல் காட்டியது. இவ்வளவு பழைய கார்களுக்கு அனுமதி 3 சதவீதம்தான். கார்புரேட்டரில் கலவை ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்பி, ஏர் பில்டரைச் சுத்தம் செய்ததும் அளவுக்குள் வந்தது.

ஆய்வாளர் நம்பர்களைப் பார்த்தார். ஆர்.சி.யைப் பார்த்தார். ஒத்துப்போனது. அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆனால் ஹேண்ட் பிரேக் மேட்டில் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! என்ஜினிலேயே கண்ணாக இருந்து கேபிளை மறந்துவிட்டோம். தப்பு எங்களுடையதுதான். மறுவாரம் சரி செய்து காட்டினோம், தேறியது. ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது.

நண்பர்களே, நாளைக்கு நாம் எல்லோரும் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கப்போகிறோம். வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்கும் முன் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பழைய பொருள் வாங்கினால் ரசீது கேளுங்கள். பழைய பிளாக்கை எடைக்குப் போடும் முன் நம்பரை ஒரு தடவை பாருங்கள்.

அந்த புதுப்பேட்டை என்ஜின் இப்போது துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. ரசீது இல்லாததால் அதை எந்த வண்டியிலும் ஏற்றுவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும் முதலில் அப்பா என்னைத்தான் கூப்பிடுகிறார். "டேய், பென்சில எடுத்துக்கினு வா!"