எப்படி இயங்குகிறது? ருசி பார்க்காத சாம்பாரும் படிக்க முடியாத ரெஜிஸ்டரும்

ராயப்பன்பட்டியில் ஒரு கல்யாண வீடு. கொல்லையில் அண்டா நிறையச் சாம்பார். "உப்புப் பாத்துச் சொல்லுடா தம்பி" என்கிறார் மாஸ்டர். "கொஞ்சம் பத்தலண்ணே" என்று பதில் வந்தால் ஒரு கை அள்ளிப் போடுவார். "அனல் அடிக்குதுண்ணே, கிட்டப் போக முடியல" என்று வந்தால்? அது உப்பைப் பற்றிய பதிலே அல்ல. 'உப்பே இல்லை' என்று எடுத்துக்கொண்டு அள்ளிப் போட்டால் பந்தி முழுக்கக் கெடும்.

பந்தலில் ஒரு போனில் பக்கத்துப் பண்ணைப்புரத்து இளையராஜாவின் பாட்டு ஓடுகிறது. அதற்குள்ளும் இதே வேலைதான். ஒலி அளவு, மியூட், ஸ்பீக்கர் இணைப்பு எல்லாம், ஒலியைக் கையாளும் கோடெக் சிப்பின் ரெஜிஸ்டர்கள் என்ற சிறு நினைவு அறைகளில் பிட்டுகளாக இருக்கின்றன. ஒலியைக் கூட்டச் சொன்னால், சிப்பை இயக்கும் நிரலான டிரைவர் ரெஜிஸ்டரைப் படிக்கும், வேண்டிய பிட்டுகளை மட்டும் மாற்றும், திரும்ப எழுதும்.

படிப்பது ஏன் தவறுகிறது? பல கோடெக் சிப்புகள் ஐ-டூ-சி என்ற இரண்டு கம்பித் தடத்தில் பேசுகின்றன. தன் முகவரி கேட்டதும் சிப் ஒப்புதல் தரவேண்டும். மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தால் ஒப்புதல் வராது. லினக்ஸில் இப்படிப்பட்ட பிழைகள் எதிர்ம எண்களாகத் திரும்பும்; உள்ளீடு-வெளியீட்டுப் பிழைக்கு -5. அந்த -5-ஐ ரெஜிஸ்டரின் மதிப்பென்று 32 பிட் இடத்தில் வைத்தால் 4294967291 ஆகிவிடும்: 31 பிட்டுகள் 1. அதைத் திரும்ப எழுதினால், அணைந்திருக்க வேண்டிய சுவிட்சுகளும் ஆன் ஆகிவிடும்.

மார்க் பிரவுன் எழுதி 2011-இல் லினக்ஸில் சேர்ந்த ரெக்மேப் என்ற நிரல் பகுதி இதற்கு வழி சொல்கிறது. 'பார்த்தேனா, இல்லையா' என்பது ஒரு வழியில் வரும். உப்பின் அளவு, அதாவது ரெஜிஸ்டரின் மதிப்பு, வேறு பாத்திரத்தில் வரும். பிட்டுகளை மாற்றும் அதன் செயற்கூறு, படிக்க முடியாவிட்டால் எழுதாமலே திரும்பிவிடும்.

போட்ட உப்பைச் சீட்டில் குறித்து வைப்பதுபோல, எழுதிய மதிப்புகளை அது நினைவில் வைத்துக்கொள்ளவும் செய்யும். சிப் தூங்கும்போது சீட்டைப் பார்த்தே பதில் சொல்லலாம். ஆனால் கொதி வந்ததா என்று சீட்டு சொல்லாது. ஹெட்போன் செருகியிருக்கிறதா என்பதுபோல வன்பொருள் தானே மாற்றும் ரெஜிஸ்டரைச் சிப்பிடமே கேட்கவேண்டும். கேட்க முடியாதபோது பிழை என்று சொல்வதே நேர்மை.

டிரைவர் எழுதுபவர் செய்யவேண்டியது இதுதான்: முதலில் சிப்பை எழுப்புங்கள், பிறகு படியுங்கள். திரும்பிய எண் எதிர்மமா என்று பாருங்கள். எதிர்மம் என்றால் எழுதாமல் நிறுத்தி, எந்த ரெஜிஸ்டர் என்பதைப் பதிவில் குறித்து, பிழையை மேலே அனுப்புங்கள். பாட்டு நின்றுபோனால் காரணத்தைத் தேடிப் பிடிக்கலாம். பொய் மதிப்பால் கிழிந்த ஸ்பீக்கரை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது.