உப்பளமும் சமூக சாஸ்திரமும்

சென்ற வாரம் மரக்காணம் செல்லும் சந்தர்ப்பம் நமக்கு வாய்த்தது. கடலோரமாகவே இறங்கி வரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவடையும் ஊர் அது. கண்ணுக்கெட்டிய வரை பாத்திகளும் வெண்குவியல்களுமாகக் கிடக்கும் அவ்வுப்பளத்தில், தாயாருக்குத் துணையாக உப்பு வாரிக்கொண்டிருந்த வாலிபர் ஒருவர் சமூக சாஸ்திரத்தில் எம்.ஏ. பயிலும் மாணாக்கர் என்றறிந்து வியப்புற்றோம். விடுமுறைக்கு வந்திருக்கிறாராம். பட்டத்திற்கு எதைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாக உத்தேசம் என்று வினவினோம். "உப்பளத்தைத் தவிர வேறு எதைப் பற்றியாவது எழுதுவேன், ஐயா. சொந்த ஜனங்களைப் பற்றி எழுதினால் நடுநிலை இராது என்கிறார்கள்" என்றார்.

அவ்வாறு சொன்னவர்கள் யாரோ நாமறியோம். நியாயஸ்தலத்தில் பல வருஷங்கள் கழித்தவர்கள் நாம். சம்பவத்தைக் கண்ணால் கண்டவனை வெளியே நிறுத்திவிட்டு, அடுத்த ஊர்க்காரனைக் கூண்டிலேற்றச் சொன்ன நீதிபதி ஒருவரையும் நாம் கண்டதில்லை. கண்டவனைக் குறுக்கு விசாரணை செய்யலாம்; அதற்காகத்தானே பேராசிரியர்கள் இருக்கிறார்கள்!

அந்த வாலிபருக்கு நாம் எடுத்துச் சொன்ன திருஷ்டாந்தத்தை வாசகர்களுக்கும் சொல்லுகிறோம். பம்பாய் சர்வகலாசாலையில் 1919ல் சமூக சாஸ்திரத் துறை ஏற்பட்டது. 1924ல் அதன் தலைமையை ஏற்ற ஜி. எஸ். குர்யேயிடம், 1936ல் மைசூரிலிருந்து ஒரு பட்டதாரி வந்து சேர்ந்தார். இருபது வயது நிரம்பாத எம். என். ஸ்ரீநிவாஸ்தான் அவர். எம்.ஏ. பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம் சந்திரமண்டலமன்று. தம் மைசூர் ராஜ்யத்துக் கன்னட ஜாதியாரின் விவாகமும் குடும்பமுமே. 1942ல் அது நூலாக வெளிவந்தது. ஆக்ஸ்போர்டு சென்று மீண்ட பின்னரும், 1948ல் மைசூருக்கு அருகில் ஒரு கிராமத்திலேயே போய்த் தங்கினார். ராம்புரா என்று அதற்குப் பெயரிட்டு எழுதினார். 1970ல் அமெரிக்காவில் யாரோ வைத்த தீயில் குறிப்புகள் எரிந்தன. எஞ்சிய ஞாபகத்தைக் கொண்டே 1976ல் அக்கிராமத்தைப் பற்றிய தம் பிரசித்தமான நூலை வெளியிட்டார். ஊரான் ஊரைப் பற்றியதாயிருந்தால் அத்தனை ஞாபகம் தங்கியிருக்குமோ?

எனினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. பிராமணராகிய அவருக்குக் கிராமத் தலைவரே இடங்கொடுத்தார். மேல்ஜாதியாரின் பார்வை அவருக்கு எளிதில் கிட்டிற்று. தாழ்த்தப்பட்டோர் தெருவில் தாராளமாய்ப் பழக இயலவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய அறிஞருக்கும் அடைபட்டிருந்த கதவு, மரக்காணத்து வாலிபருக்குப் பிறந்த நாள் முதல் திறந்தே கிடக்கிறது. அதை அவர் ஒரு குறையென்று எண்ணுகிறார்!

இதே பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் இருவேல்பட்டுக் கிராமம், சென்னை சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணாக்கரைக் கொண்டு தயாரித்து 1918ல் வெளியிட்ட நூலில் இடம் பெற்றது. பின்வந்த ஆராய்ச்சியாளரும் அக்கிராமத்தைத் திரும்பத் திரும்பச் சென்று பார்த்தார்கள். நெற்கழனிக்குக் கிடைத்த அக்கவனம் உப்புப் பாத்திக்குக் கிடைக்கவில்லை என்பது நமது அபிப்பிராயம். 1930ல் வேதாரணியத்தில் ராஜாஜி அள்ளிய உப்பைத் தேசம் நினைவில் வைத்திருக்கிறது. தினந்தோறும் அள்ளுகிறவர்களை யார் நினைக்கிறார்கள்?

ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகள் மூழ்கிவிடும், கூலி நின்றுவிடும். அம்மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது, யாரிடம் கடன் வாங்குகிறார்கள், அக்கடன் அடுத்த பருவத்துக் கூலியில் எவ்விதம் கழிகிறது, பெண்ணுக்கும் ஆணுக்கும் கூலி ஏன் ஒன்றாக இல்லை—இவற்றை அச்சடித்த கேள்வித்தாளுடன் வரும் அந்நியரிடம் எந்தத் தாய் மனம் விட்டுச் சொல்லுவாள்? இதை அந்த வாலிபரிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. உப்பு வாரும் பலகையை ஊன்றியபடி அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் தாயார்தாம் இடைமறித்தார்:

"எங்களைப் பத்தி எழுதினாக்கூடப் பட்டம் குடுப்பாங்களா, ஐயா?"