சத்தியத்திற்கு மறுநாள்

தவக்காலம் நெருங்கும்போது பங்குமனைக்கு வரும் தாய்மார் பலர் கேட்கும் உதவி ஒன்றுண்டு. "சுவாமி, இவரிடம் ஒரு சத்தியம் வாங்கித் தாருங்கள்." கணவர் தலைகுனிந்தபடி வாசலில் நிற்பார். பின்னர் பாடுபட்ட சுரூபத்தின் மேல் கைவைத்து, இனித் தொடமாட்டேன் என்பார். அந்த வேளையில் அவர் பொய் சொல்வதில்லை. ஆனால் மறுநாள் மாலை கை நடுங்கத் தொடங்கி, ஒழுங்கை முனையில் கூட்டாளி நின்று கூப்பிடும்போது, சத்தியம் செய்தவர் தனியாகவே இருக்கின்றார்.

இந்தத் தனிமையை நன்கறிந்த ஒருவர் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் அக்ரன் நகரிலுள்ள விடுதியொன்றின் கூடத்தில் நின்றார். நியூயோர்க்கின் பங்குச்சந்தைத் தரகரான பில் வில்சன் அவர். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. வந்த தொழில் முயற்சியோ தோற்றுவிட்டது. மதுக்கூடத்தின் கலகலப்பு காதில் விழுந்தது. அவர் அங்கு செல்லாமல், தொலைபேசியில் ஆலயக் குருமாரை அழைத்து, தம்மைப்போல் குடியால் துன்புறும் ஒருவரைச் சந்திக்க வழி கேட்டார். அறிவுரை சொல்பவரை அவர் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள். அவ்வாறு கிடைத்தவரே சத்திரசிகிச்சை வைத்தியரான பொப் சிமித். பதினைந்து நிமிடம் பேசுவதாக ஒப்புக்கொண்டவர் பல மணிநேரம் பேசினார். 1935 யூன் 10ஆம் நாள் அவர் இறுதியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படுகின்றது. அதுவே 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ., பிறந்த நாளுமாகும்.

இவ்வியக்கம் எந்தச் சமயத்தையும் சார்ந்ததன்று. இந்துவும் பௌத்தரும் கடவுள் நம்பிக்கையற்றவரும் அதில் அமரலாம். எனினும் அதன் தொடக்க காலத்தில் நம் திருச்சபையின் கைகளும் இருந்தன. அக்ரன் புனித தோமையார் மருத்துவமனையில் பணியாற்றிய அருட்சகோதரி இக்னேசியா, 1939 முதல் வைத்தியர் பொப்புடன் சேர்ந்து குடிநோயாளரை அனுமதித்துப் பராமரித்தார். வீடு திரும்புவோருக்குத் திரு இருதயச் சின்னமொன்றைக் கொடுத்து, மீண்டும் குடிப்பதாயின் முதலில் அதைத் தம்மிடம் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்வார். எவ்வளவு தாய்மை நிறைந்த தந்திரம்! இயேசு சபைத் துறவி எட்வேட் டௌலிங், ஏ.ஏ. காட்டும் பன்னிரு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு, 1940இல் பில் வில்சனைத் தேடிச் சென்றார். இருவரும் நெடுநாள் நண்பர்களாயினர்.

அங்கே என்னதான் நடக்கின்றது? சில கதிரைகள், தேநீர், ஒரு சிறு வாசிப்பு. முழுப்பெயர் கேட்பதில்லை, வரவுப் பதிவேடில்லை, கட்டணமில்லை. குடியை விடும் விருப்பம் ஒன்றே போதும். ஒருவர் தம் கதையைச் சொல்லும்போது மற்றவர்கள் திருத்துவதில்லை, தீர்ப்பிடுவதில்லை. புதியவர் வாய் திறக்காமலே இருந்துவிட்டு வரலாம். வாழ்நாள் முழுவதற்கும் யாரும் வாக்குறுதி கேட்பதில்லை. இன்று ஒருநாள் குடியாதிருந்தால் போதும். நீண்டகாலம் மீண்டிருக்கும் ஒருவர் வழித்துணையாக அமைந்து, நள்ளிரவிலும் தொலைபேசியில் பதில் சொல்வார். 2020இல் வெளியான கொக்கிரேன் மீளாய்வொன்று, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்ட 27 ஆய்வுகளைப் பரிசீலித்து, முற்றாகக் குடியை விட்டிருப்பதற்கு ஏ.ஏ.யில் முறையாக இணைக்கும் சிகிச்சை ஏனைய பல சிகிச்சைகளைவிடச் சிறந்த பயன் தருவதாகக் கண்டது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் பெருமளவில் சாராயமோ கசிப்போ குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும், சில நாள்களுள் நினைவு தடுமாறும் சன்னியும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் பூட்டிவைத்துக் குடியை மறக்கச் செய்வது பக்தியன்று, பேராபத்து. முதலில் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள மனநலப் பிரிவினரிடமே அருகில் எங்கு கூட்டம் நடைபெறுகின்றது என்றும் விசாரிக்கலாம். கொழும்பில் கூட்டங்கள் உண்டு. தொலைவிலுள்ளோர் இணையவழிக் கூட்டங்களில் கைத்தொலைபேசி மூலம் சேரலாம். முதற்கூட்டம் மனத்திற்கு ஒவ்வாவிடில் வேறொன்றுக்குச் செல்லுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். தெரிந்தவர் கண்டுவிடுவாரோ என்று அஞ்சுவோருக்கு ஒரு சொல்: அங்கு உங்களைக் காண்பவரும் அதே காரணத்திற்காகவே வந்திருக்கின்றார்.

"பாவசங்கீர்த்தனம் இருக்க இது எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். ஒப்புரவு அருளடையாளம் பாவத்தை மன்னிக்கின்றது. கூட்டமோ மன்னிக்கப்பட்டவருக்கு மாலைநேரத் துணையைத் தருகின்றது. முடக்குவாதக்காரரை நால்வர் கூரையைப் பிரித்து இறக்கியபோது, ஆண்டவர் அந்த நால்வரின் நம்பிக்கையையும் கண்டார் அல்லவா?

மனைவியரே, உங்களையும் மறக்கவில்லை. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிசும் தோழியொருவரும் தொடங்கிய அல்-அனொன் இருக்கின்றது. கணவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் நீங்கள் செல்லலாம். போத்தலை ஒளித்துவைப்பதும் அவருக்காக வேலைத்தலத்தில் பொய் சொல்வதும் உங்கள் கடமையல்ல என்பதை அங்கே பலர் முதன்முறையாகக் கேட்கின்றனர்.

பங்குச் சபையினருக்கு ஒரு வேண்டுகோள். மீள விரும்பும் இருவரோ மூவரோ கூடினாலே ஏ.ஏ. மரபின்படி அது ஒரு குழுவாகிவிடும். வாரநாள்களில் நம் பங்கு மண்டபங்கள் பல பூட்டியே கிடக்கின்றன. ஒரு மாலையில் ஓர் அறையின் திறப்பை அவர்களிடம் கொடுங்கள். உள்ளே யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டாம்.