விஞ்ஞானத் தொடர்களுக்கும் ஓய்வு வேண்டுமா?



அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பெரியோர் வாக்கு. இது சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, டி.வி. தொடருக்கும் பொருந்தும். வருஷக்கணக்காக ஓடும் விஞ்ஞானக் கதைத் தொடரை நிறுத்தாமல் ஓட்டலாமா, நடுவில் கொஞ்ச காலம் ஓய்வு கொடுக்கணுமா? "இதெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று சிரிக்காதீர்கள். ராக்கெட், ரோபோ என்ற வார்த்தைகளை நம்மில் பலர் முதலில் கேட்டது புத்தகத்தில் அல்ல, டி.வி.யில்தான்.

2005 என்ற விசேஷ வருஷம்

முகேஷ் கன்னா தயாரித்து நடித்த 'சக்திமான்' 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கியது. யோகசக்தி பாதி, டாக்டர் ஜாக்கால் என்ற கெட்ட விஞ்ஞானி பாதி என்று கலந்த கதை. சுமார் ஏழரை வருஷம் ஓடி 2005 மார்ச்சில் நின்றது.

அதே மார்ச்சில் இங்கிலாந்தில் நேர்மாறாக நடந்தது. 1989-ல் நின்றுபோன 'டாக்டர் ஹூ' மறுபடி வந்தது. 1963 நவம்பர் 23-ல் பி.பி.சி. தொடங்கிய தொடர் அது. அதன் முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் நம் லக்னோவில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை!

இரண்டு மாதம் கழித்து, மே மாதம், அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' நின்றது. ஆக ஒரே வருஷத்தில் இரண்டு தொடர் படுத்தது, ஒன்று எழுந்தது.

ஏன் களைத்துப் போகிறது?

ஸ்டார் ட்ரெக் 1966-ல் வந்து 79 பகுதிகளோடு 1969-ல் நிறுத்தப்பட்டது. ஆனால் மறு ஒளிபரப்பில் ரசிகர்கள் பெருகினார்கள். அவர்கள் கடிதம் எழுதிக் குவித்ததால்தான் 1976-ல் நாசாவின் முதல் சோதனை விண்வெளி ஓடத்துக்கு 'என்டர்பிரைஸ்' என்று கதையில் வரும் கப்பலின் பெயரையே வைத்தார்கள். நடுவில் ஒரு கார்ட்டூன் தொடரும் சில சினிமாக்களும் வந்தன. 1987-ல் புதிய டி.வி. தொடர் வந்தது. பதினெட்டு வருஷ இடைவெளி ஆசையைக் கூட்டியதே தவிர குறைக்கவில்லை.

பிறகு 1987 முதல் 2005 வரை நிறுத்தமே இல்லை. நான்கு தொடர்கள்: 178, 176, 172, 98. கூட்டிப் பாருங்கள், 624 பகுதிகள்! பதினெட்டு வருஷமும் தயாரிப்புப் பொறுப்பில் ரிக் பெர்மன் இருந்தார். கதைக்கு எங்கே போவது? அதே விண்கலம், அதே ஆபத்து, கடைசி நிமிஷத்தில் அதே தப்பித்தல். பழைய ரசிகருக்கு "இது பார்த்ததுதானே" என்று சலிப்பு. புது ஆளுக்கோ "முன்கதை தெரியாமல் எப்படிப் பார்ப்பது" என்று பயம்.

நம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் இதற்குப் பெயர் ஃபெட்டீக். ஒரே லோடு திரும்பத் திரும்ப விழுந்தால் நல்ல ஷாஃப்டும் ஒருநாள் உடையும்.

சும்மா நிறுத்தினால் போதுமா?

இங்கேதான் கவனிக்கணும். விரிசல் விட்ட ஷாஃப்டை ஒரு மாசம் மூலையில் வைத்தால் விரிசல் மூடிக்கொள்ளுமா? மூடாது. பார்ட் மாற்றணும். டாக்டர் ஹூவுக்கு 1985-ல் பதினெட்டு மாதம் ஓய்வு கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது தயாரிப்பாளர் அதே ஆள். நான்கே வருஷத்தில் தொடர் நின்றது. 2005-ல் ரஸ்ஸல் டி டேவிஸ் என்ற புதிய பொறுப்பாளர், புதிய நடிகர், புதிய வேகம், ஜெயித்தது. ஸ்டார் ட்ரெக்கும் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2017-ல், புது ஆட்களோடுதான் டி.வி.க்குத் திரும்பியது.

எங்கள் பக்கத்துத் தோல் தொழிலையே பாருங்கள். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்தவன் நான்தான் முதல். அப்பா டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். குரோம் ஏற்றிய தோலை உடனே அடுத்த மெஷினுக்கு விடமாட்டார்கள். அடுக்கி, ராத்திரி முழுக்க அப்படியே விடுவார்கள். "தோலு சும்மா கிடக்குதுன்னு நினைக்காதே, உள்ளே வேலை நடக்குது" என்பார் அப்பா. குரோம் நாரில் பிடிக்கும் நேரம் அது. நல்ல ஓய்வு என்றால் இதுதான்.

இன்னொன்று. 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத டேனரிகளை மூடச் சொன்னது. சுத்திகரிப்பு நிலையம் அமைத்தால்தான் ஓட்டலாம் என்பது நிபந்தனை. நிறுத்தம் என்றால் எதைச் சரிசெய்தால் திறக்கலாம் என்ற நிபந்தனையும் கூட இருக்கணும்.

தமிழ்த் தொடர்களின் கதை

தமிழிலும் நல்ல வழி உண்டு. 1990-களில் வந்த 'மர்ம தேசம்' விஞ்ஞானக் கதை அல்ல. ஆனால் 'ரகசியம்' முடிந்ததும் 'விடாது கருப்பு' என்று வேறு ஊர், வேறு கதை. ரப்பர் மாதிரி இழுக்கவில்லை. அதனால்தான் இன்றும் பேசுகிறோம்.

விஞ்ஞானக் கதையில் நமக்கு வாத்தியார் சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். ஜீனோ என்ற ரோபோ நாயை வைத்து 'என் இனிய இயந்திரா' எழுதினார். அது தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. அடுத்து 'மீண்டும் ஜீனோ' எழுதினார். 2008-ல் மறைந்தார்.

அங்கே 624 பகுதி ஓடியதால் ஓய்வு கேட்கிறார்கள். நம் தமிழ் டி.வி.யிலோ மாமியார் மருமகள் சண்டை ஆயிரம் பகுதி தாண்டுகிறது, ரோபோவுக்குத்தான் இடமில்லை. ஓய்வு என்பது உழைத்தவனுக்குத்தானே? வேலையே கொடுக்காமல் வீட்டில் உட்காரவைத்தால் அதற்குப் பெயர் லே-ஆஃப்!

முடிவாக

1. ஓடும் தொடரை நல்ல இடத்தில் முடிக்கணும்.
2. ஓய்வில் புதிய எழுத்தாளர்களைத் தேடணும்.
3. சொல்லப் புதிதாக ஒன்று கிடைத்த பிறகே திரும்பணும்.

அந்தப் புதிய எழுத்தாளர் எங்கிருந்து வருவார்? லேத்தும் மோட்டாரும் கையால் தொட்டுப் பழகிய நம்மிடமிருந்து ஏன் வரக்கூடாது? ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் மெஷின் ஒன்று சுயமாக யோசிக்கத் தொடங்கினால் அங்கே தைக்கும் நம் அக்காக்களின் வேலை என்னவாகும்? இந்தக் கதையை அமெரிக்காக்காரன் எழுதமாட்டான். நாம்தான் எழுதணும். அடுத்த ஆண்டு மலரில் அப்படி ஒரு கதையாவது வரட்டும், நண்பர்களே!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை