வலி நின்னுடுச்சு, பல் பிழைச்சுதா? ரூட் கெனால் பற்றி தெரிஞ்சுக்க வேண்டியது

ஏற்காட்டில் சுமார் 5,300 அடி உயரத்தில் இருக்கிறது சேர்வராயன் குகைக் கோயில். அந்தப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் வலி என்று வைத்துக்கொள்வோம். ரூட் கெனால் செய்ய சேலம் போகணும்னா 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, திரும்ப ஏறணும். அதுவும் ரெண்டு, மூணு தடவை. காபி எஸ்டேட் வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. "பிடுங்கிடுங்க டாக்டர்" என்று சொல்லத் தோன்றுவதில் ஆச்சரியமே இல்லை.

பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பல்கூழ் இருக்கிறது. சொத்தை அதுவரை போனால் ராத்திரி தூக்கம் போச்சு. அடுத்த கட்டம்தான் ஏமாற்றும். கூழ் செத்துப்போனதும் வலி தானாகவே நின்றுவிடலாம். 'கிராம்புத் தைலம் கேட்டுடுச்சு' என்று நினைப்போம். ஆனால் தொற்று வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். செத்த கூழில் ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் ஆன்டிபயாடிக் மாத்திரையும் அங்கே போய்ச் சேராது.

ரூட் கெனாலில் மரத்துப்போக ஊசி போட்டு, பல்லில் சின்னத் துளையிட்டு, மெல்லிய ஃபைல்களால் வேர்க் கால்வாயைச் சுத்தம் செய்கிறார்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவி, கட்டா பெர்ச்சா என்ற மரப்பாலில் கிடைக்கும் பொருளால் அடைக்கிறார்கள். (19-ம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போட்டதும் இதே கட்டா பெர்ச்சாதான்!)

எல்லாத்தையும் ஒரே நாளில் முடிக்க முடியாதா? பல பற்களுக்கு முடியும். 2022-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, ஒரே அமர்வில் செய்தாலும் பல அமர்வுகளில் செய்தாலும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரே அமர்வில் செய்தால் முதல் வாரம் வலி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். தூரத்திலிருந்து வருகிறவர்கள் இதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடலாம். சீழ் அதிகமிருந்தால் மட்டும் அவர் இரண்டாவது தடவை வரச் சொல்லக்கூடும்.

வேர் பிளந்திருந்தாலோ, ஈறுக்கு மேல் பல்லே மிச்சமில்லை என்றாலோ பிடுங்குவதுதான் வழி.

பலர் கோட்டைவிடுவது கடைசியில். தற்காலிக அடைப்போடு வலி போனதும் திரும்பி வருவதில்லை. அது தேய்ந்து கசிந்தால் கிருமி மறுபடி உள்ளே போகும். கடைவாய்ப் பல்லுக்கு கேப் போடாமல் விட்டால், முறுக்கு கடிக்கும்போதே பிளந்துவிடலாம். முகம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.