உங்களுக்குத் தெரியுமா? சிறார் இரத்த மருத்துவருக்கு 11½ ஆண்டுப் படிப்பு

குழந்தைகளின் இரத்த நோய்களுக்கென்றே தேர்ச்சி பெறும் மருத்துவர், பயிற்சிக் காலமும் சேர்ந்த 5½ ஆண்டு எம்.பி.பி.எஸ்., 3 ஆண்டு குழந்தை மருத்துவ எம்.டி., அதற்கு மேல் 3 ஆண்டு டி.எம். என, இடையில் ஒரு நாளும் வீணாகாவிட்டால்கூட 11½ ஆண்டுகள் பயில வேண்டியிருக்கிறது.

இவ்வளவு நீண்ட பயிற்சி எதற்கு என்பதற்குச் சோகை ஒன்றே போதிய விடை தரும். கீழ்வேளூரைச் சுற்றியுள்ள நெல்வயல் கிராமமொன்றில் வெளிறிப்போன குழந்தையின் இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கினால், இரும்புச்சத்துக் குறைவானாலும், ஹீமோகுளோபின் சரிவர உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பதானாலும், சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்தே தென்படும். முன்னதை இரும்புச்சத்து மருந்து தீர்க்கும், பின்னதை அது தீர்க்காது. தாய், தந்தை இருவருமே அம்மரபணுவைச் சுமப்பவராயின், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்குக் கடும் தலசீமியா நேர 4-இல் 1 பங்கு வாய்ப்புண்டு.

இத்துறையின் பெருந்திருப்பம் 1948-இல் நேர்ந்தது: பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் தந்து, 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் கண்டதாக அறிவித்தார். அம்மருந்தை உருவாக்கிய லெடர்லே ஆய்வகக் குழுவை வழிநடத்திய எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது தமிழகத்தில் ஒவ்வொரு பள்ளி மாணவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1986-இல் தொடங்கியது.

இரும்புச்சத்து மருந்தை முறையாகக் கொடுத்தும் சோகை தீராத குழந்தைக்கு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை தேவையா என்பதைப் பெற்றோர் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.